தோல் பார்க்க வந்தவர்கள்

அடுத்தவனை நேசிப்பது சுலபம் ஸார். அடுத்த வீட்டுக்காரனை நேசிப்பதுதான் கஷ்டம்.

எங்கோ ஒரு தேசத்தில் பூகம்பம் என்றால் உச்சுக் கொட்டுகிறோம். ஐந்நூறு ரூபாய் அனுப்பிவிட்டு, ரசீதை மட்டும் பத்திரமாக ஃபைலில் வைக்கிறோம் (80-ஜி இருக்கிறதே!). ஆனால், மாடிப்படிக்குக் கீழே நம் பைக் நிற்க வேண்டிய இடத்தில் தினமும் தன் பைக்கைச் சொருகி வைக்கும் மூன்றாம் நம்பர் வீட்டு ஆசாமியை? விடியற்காலை மோட்டார் போட்டு தொட்டித் தண்ணீரைக் காலி பண்ணும் மாமியை? நாம் லீவ் லெட்டர் நீட்டுகிற நாளாகப் பார்த்துத் தனக்கும் ஜுரம் வரவழைத்துக் கொள்ளும் பக்கத்து ஸீட் நண்பரை? ம்ஹும். அதற்கெல்லாம் மகாத்மாக்கள்தான் லாயக்கு என்று ஒதுங்கி விடுகிறோம்.

என்னை மாதிரி ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையுடன் சர்ச்சுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு அப்படி ஒதுங்குகிற சௌகரியமும் கிடையாது. உன்னை எப்படி நேசிக்கிறாயோ அப்படியே பிறனையும் நேசி என்பது எங்களுக்கு உத்தரவு. முடிந்தால் செய், சௌகரியப்பட்டால் செய் என்றெல்லாம் அதில் இல்லை.

உத்தரவு என்று வந்துவிட்டால் அதில் ஓட்டை தேடுவது மனித சுபாவம். பைபிளிலேயே ஒரு சட்ட நிபுணர் தேடியிருக்கிறார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் வருகிறார். "அதெல்லாம் சரி, பிறன் என்றால் யார்?" என்று கேட்கிறார். கெட்டிக்காரக் கேள்வி. டெஃபனிஷன் கிடைத்துவிட்டால், யாரையெல்லாம் நேசிக்க வேண்டாம் என்பதும் தெரிந்து விடுமல்லவா?

பதிலாக வந்த கதைதான் நல்ல சமாரியன். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் ஒருவனைத் திருடர்கள் அடித்துப் போட்டுவிடுகிறார்கள். கோயில் குரு ஒருவர் வருகிறார், பார்க்கிறார், அந்தப் பக்கமாக விலகிப் போகிறார். கோயில் ஊழியர் ஒருவர் வருகிறார், டிட்டோ. மூன்றாவதாக வருகிறவன் சமாரியன். யூதர்களுக்கும் சமாரியர்களுக்கும் ஜன்மப் பகை. அவன்தான் இறங்கி, காயத்தைக் கட்டி, தன் கழுதை மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான்.

என் கணக்கப்பிள்ளைக் கண் போவது கதையின் கடைசிக்குத்தான். சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுக்கிறான். அந்தக் காலத்தில் ஒரு காசு என்பது ஒரு நாள் கூலி. ஆக, இரண்டு நாள் சம்பளம். அதோடு விட்டானா? மேற்கொண்டு என்ன செலவானாலும் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். உச்சவரம்பு இல்லை, வவுச்சர் இல்லை. எந்த ஆடிட்டரும் ஒப்புக் கொள்ளாத அக்கவுண்ட் இது!

நத்தை கேஸும் பாலாறும்

அதே கேள்வியை ஏறக்குறைய 1,900 வருஷம் கழித்து லண்டனில் ஒரு நீதிபதியும் கேட்டார். பி.காம். படிக்கும்போது வணிகச் சட்ட வகுப்பில், பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் எங்கள் லெக்சரர் சொன்ன கதை இது. பாடம் மறந்து போச்சு, இது மறக்கவில்லை.

1928-ல் ஸ்காட்லாந்தில் டோனாஹியூ என்கிற அம்மாளுக்கு அவருடைய சிநேகிதி ஒரு ஜிஞ்சர் பீர் வாங்கித் தந்தார். பாதி குடித்துவிட்டு மீதியை ஊற்றினால், பாட்டிலிலிருந்து அழுகிய நத்தை ஒன்று விழுந்தது என்று வழக்கு. காசு கொடுத்தவர் சிநேகிதி. எனவே இந்த அம்மாளுக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பிறகு கம்பெனி எதற்கு நஷ்டஈடு தர வேண்டும்? 1932-ல் பிரபுக்கள் சபையில் அட்கின் பிரபு சொன்ன தீர்ப்பின் சாரம்: பிறனை நேசி என்கிற கட்டளை சட்டத்துக்குள் வரும்போது, பிறனுக்குத் தீங்கு செய்யாதே என்று ஆகிறது. என் செயலால் யார் நேரடியாகப் பாதிக்கப்படுவார்கள் என்று நான் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டுமோ, அவர்தான் என் பிறன்.

இதே நியாயத்தின் நெருங்கிய உறவுக்காரத் தீர்ப்பு ஒன்று நம் வேலூர்ப் பக்கத்துக்கும் வந்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கி, குடிக்கவும் விவசாயத்துக்கும் தண்ணீர் கெட்டுப் போனதென்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு. கெடுத்தவன்தான் பணம் கட்ட வேண்டும், சரி செய்யவும் வேண்டும் என்றார்கள். வழக்குக்குள் வந்த ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எந்த மாணவரும் இன்றைக்கும் வேலூர் பெயரை உச்சரிக்காமல் பாஸாக முடியாது.

நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் கவனித்தீர்களா? சட்டம் நம்மிடம் கேட்பது, அடிக்காதே என்பதை மட்டும். அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கு என்று கேட்கவில்லை. விலகிப் போன குருவையும் கோயில் ஊழியரையும் எந்தக் கோர்ட்டும் தண்டித்திருக்காது. சமாரியன் செய்தது சட்டத்துக்கு அப்பாற்பட்ட சமாசாரம். அதற்கு ஆள் உண்டா?

இரண்டு தோல்

உண்டு. அதுவும் அதே தோல் பிரதேசத்திலேயே.

பேரணாம்பட்டு, குடியாத்தத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். தாண்டினால் மலை, மலை தாண்டினால் ஆந்திரா. டீக்கடையில் ஐந்து நிமிஷம் நின்றால் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் காதில் விழும். காலையில் ஷூ கம்பெனி பஸ்களும் வேன்களும் பெண்களை அள்ளிக் கொண்டு போகின்றன. வீட்டிலிருக்கும் பெண்கள் திண்ணையில் பீடி சுற்றுகிறார்கள். இந்த வட்டாரத்தில் தைக்கிற ஷூ, நாம் பெயர் மட்டும் கேள்விப்பட்ட ஐரோப்பிய நகரங்களில் நடக்கிறது.

அங்கே ஷூ கம்பெனியில் கட்டிங் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருடன் டீ சாப்பிட்டுக் கொண்டிருந்தேன்.

"தோலைப் பாத்தா மாட்டோட ஜாதகமே தெரிஞ்சிடும் தம்பி" என்றார். "எங்க முள்ளு கீறிச்சு, எங்க உண்ணி கடிச்சிச்சு, எங்க சூடு போட்டாங்க... எல்லாம் அதுல கீது. அதை ஒதுக்கி வெட்றவன்தான் கட்டர்."

"நல்ல ஷூவுக்கு இன்னா பாய் அடையாளம்?"

"போட்டவன் அதை மறந்துடணும். கடிச்சா கழட்டி வீசிட மாட்டான்?"

கடித்தால் கழட்டி விடுவோம். சரிதான். கடிப்பதே தெரியாத கால் என்று ஒன்று இருந்தால்?

இருந்தது, நிறையவே. ஒரு காலத்தில் வட ஆற்காட்டில், குறிப்பாகக் குடியாத்தம் பகுதியில், தொழுநோய் அதிகம். பேரணாம்பட்டு அப்போது குடியாத்தம் தாலுகாவுக்குள் அடக்கம். தொழுநோய் என்றால் விரல் அழுகி விழும் என்றுதானே ஊர் நம்பிக்கை? நோய்க் கிருமி தின்பது விரலை அல்ல, நரம்பை. உணர்ச்சி போய் விடுகிறது. முள் குத்தினாலும், அடுப்பு சுட்டாலும், செருப்பு கடித்தாலும் தெரியாது. தெரியாததால் நடந்து கொண்டே இருப்பார்கள். புண், சீழ், எலும்பு என்று போய்க் கடைசியில் கால் போகும்.

1960-களில், காட்பாடிப் பக்கம் இருக்கிற கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்தக் குடியாத்தம் தாலுகாவைக் களமாக எடுத்துக் கொண்டார்கள். தோல் வியாபாரிகள் மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் புரட்டிப் பார்த்த அதே வட்டாரத்தில், இவர்கள் வீடு வீடாகப் போய் மனுஷத் தோலைப் பார்த்தார்கள். வெளுத்த திட்டு இருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா என்று. வியாபாரி, குறை இருந்தால் ஒதுக்குவான். இவர்கள் குறை இருந்தால்தான் உட்காருவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பழக்கத்தை வேலூரில் ஆரம்பித்து வைத்தவர் ஒரு பெண்மணி.

கதவு மூன்று தடவை தட்டப்பட்டது

ஐடா ஸ்கடர், 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா எல்லோரும் அமெரிக்க மிஷனரி டாக்டர்கள். ஐடாவுக்கு அந்த வேலையில் துளியும் இஷ்டம் கிடையாது. வெயிலும் பஞ்சமும் நோயும் பார்த்தது போதும், அமெரிக்காவில் செட்டிலாகி விடலாம் என்பதே திட்டம். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். தாற்காலிகமாகத்தான்.

ஓர் இரவு பிராமணர் ஒருவர் கதவைத் தட்டினார். இளம் மனைவிக்குப் பிரசவம் சிக்கல். அப்பா டாக்டர் இருக்கிறாரே என்றார் ஐடா. ஆண் டாக்டர் வரக் கூடாது, நீங்கள்தான் வர வேண்டும் என்றார் அவர். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம். அதே கோரிக்கை, அதே பதில். மறுபடி இன்னொரு இந்து. அதே கதை. விடிந்ததும் ஆள் அனுப்பி விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்து போயிருந்தார்கள்.

ஐடா அழுதுவிட்டுக் கல்யாணம் பண்ணிக் கொண்டு போயிருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம். நியூயார்க் பாங்க்கர் ஒருவர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலருடன் வேலூருக்குத் திரும்பி, 1900-ல் ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியத்தை ஆரம்பித்தார். 1902-ல் நாற்பது படுக்கை. வர முடியாதவர்களுக்காக மாட்டு வண்டியிலும் பிறகு காரிலும் சாலையோர மருத்துவம். வழியில் மரத்தடிகளில் ஜனங்கள் காத்திருப்பார்கள். அப்படி அவர் போன முக்கியமான தடம் எது தெரியுமா? வேலூர்-குடியாத்தம் ரோடு. 1909-ல் நர்ஸ் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று அது சி.எம்.சி.

இதில் நான் கவனிக்கிற விஷயம் ஒன்று. மூன்று கதவுத் தட்டலுக்குப் பிறகு அவருக்கு வந்தது வெறும் பச்சாதாபமாக இருந்திருந்தால், அது ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். பத்து வருஷம் செலவழித்துக் கற்றுக் கொண்டு திரும்பி வந்தார் பாருங்கள், அங்கேதான் அன்பு என்கிற வார்த்தைக்கு எடை வருகிறது. மனசு இருந்தால் மட்டும் போதாது, கைக்கு வேலை தெரிய வேண்டும்.

தொடாத தோள்

கை வேலை என்றால் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா அங்கேயே 1929-ல் காய்ச்சலில் இறந்து போனார். பால், இங்கிலாந்தில் முதலில் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றுக் கொண்டு, அப்புறம்தான் டாக்டரானார். 1946-ல் வேலூருக்கு வந்தார்.

1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். மடங்கிப் போன கைகள். எலும்பு மூட்டு டாக்டர்கள் யாராவது இதை ஆராய்ந்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள். ஒரு நோயாளியிடம் தன் கையைப் பலமாக அழுத்தச் சொன்னார். அழுத்தினார். பிராண்டுக்கு வலி தாங்கவில்லை! செத்த கை என்று ஊர் ஒதுக்கிய கைக்குள் நல்ல தசை உயிரோடு இருந்தது. அதில் பிறந்ததுதான் யோசனை. செயலிழந்த தசைக்குப் பதிலாக, முன்கையில் நன்றாக இருக்கும் தசையின் நாணை எடுத்து விரலுக்கு இணைத்துவிட்டால்? 1948-லிருந்து செய்து காட்டினார். மூடியே இருந்த கைகள் திறந்தன.

சொல்வது சுலபம். அன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் தொழுநோயாளிக்குக் கட்டில் தருவதே பிரச்னை. மற்ற நோயாளிகள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்ற பயம். ஒரு தடவை பிராண்ட் ஓர் இளைஞனின் தோளில் கை வைத்தபடி, சிகிச்சையைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் மூலம் விளக்கிக் கொண்டிருந்தார். இளைஞன் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டார் டாக்டர். இல்லை, தன்னை யாரும் தொட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதாம், அதனால் அழுகிறான் என்று பதில் வந்தது. இதை டாக்டரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

விரல்கள் ஏன் போகின்றன என்பதைக் கண்டுபிடிக்க, துப்பறியும் சாம்பு மாதிரி நோயாளிகளின் பின்னாலேயே திரிந்தார்கள். துருப்பிடித்த பூட்டு ஒன்றை டாக்டரால் திறக்க முடியவில்லை. நோயாளிப் பையன் ஒருவன், நான் திறக்கிறேன் என்று ஒரே திருகில் திறந்துவிட்டான். என்ன பலம் என்று பார்த்தால், சாவி பட்டு விரல் எலும்பு வரை கிழிந்திருக்கிறது. பையனுக்குத் தெரியவே இல்லை. இன்னும் சிலருக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் விரலில் ஒரு துண்டைக் காணோம். பேய் பிசாசு என்றார்கள். கண் விழித்துக் காவல் இருந்தார்கள். எலி! வலி இல்லாததால் தூங்குகிறவன் எழுந்திருக்கவில்லை. வைத்தியம்? வீட்டுக்குப் போகிற நோயாளியுடன் ஒரு பூனையையும் அனுப்பி வைத்தார்கள். மருத்துவ சரித்திரத்தில் பூனையைப் பிரிஸ்கிரிப்ஷனில் சேர்த்த ஒரே ஆஸ்பத்திரி அதுவாகத்தான் இருக்கும்.

பிராண்டும் மனுஷர்தான், அவருக்கும் பயம் உண்டு. லண்டனில் ஒரு ராத்திரி, நீண்ட பயணம் முடிந்து ஸாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்றே முடிவு கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக் கொண்டு இரவு முழுக்க விழித்துக் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். சுரீர்! ரயிலில் நெடுநேரம் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருந்திருக்கிறது. வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மனிதர். மறுபடி அதே நோயாளிகளிடம்தான் திரும்பினார்.

பிச்சைக்கு உதவாத கை

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். ஆபரேஷன் ஆகிக் கை சரியானவர்களில் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக் கொண்டார்கள்: "டாக்டர், இந்தக் கை பிச்சை எடுக்கச் சரிப்படவில்லை. முன்பெல்லாம் கையைப் பார்த்ததும் போட்டார்கள். இப்போது போட மாட்டேன் என்கிறார்கள்."

நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? நன்றி கெட்ட ஜன்மங்கள் என்று கதவைச் சாத்தியிருப்போம். தர்மம் செய்கிறவனின் எதிர்பார்ப்பே அந்த நன்றிதானே? அது ஒரு மாதிரி வட்டி. பிராண்ட் கூட்டத்தார், அவர்கள் சொன்னதைப் புகாராக எடுத்துக் கொள்ளவில்லை, தகவலாக எடுத்துக் கொண்டார்கள். கையைச் சரி செய்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு வேலையும் வேண்டும். 1951-ல் வேலூரில் நவஜீவன் நிலையம் என்று குடிசைகள் போட்டு, மரப் பொம்மை செய்ய, தச்சு வேலை பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். 1955-ல் கரிகிரி வந்தது.

சுயநலமில்லாத அன்புக்கு நான் கண்ட பரீட்சை இதுதான். நான் எவ்வளவு கொடுத்தேன் என்பதில் கணக்கு முடிகிறதா, அவனுக்கு என்ன தேவை என்பதில் முடிகிறதா? செருப்புத் தைக்கிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். என்னதான் பாசம் இருந்தாலும், என் காலை அளந்து உங்களுக்குச் செருப்புத் தைக்க முடியாது.

கரிகிரியில் தைத்தார்கள். உணர்ச்சியற்ற காலுக்கான செருப்பு. உள்ளே மைக்ரோசெல்லுலர் ரப்பர், அதாவது எம்.சி.ஆர்.; மிருதுவானது, பாதத்தின் எடையைப் பரவலாகத் தாங்கும். கீழே முள் ஏறாத கெட்டி அடி. கால் நழுவாமல் இருக்கப் பின்பக்கம் வார். ஆணி கிடையவே கிடையாது. பசையும் தையலும் மட்டும். ஏனென்றால் ஆணி மேலே எழும்பினால், போட்டவருக்குத் தெரியாது. பேரணாம்பட்டுப் பெரியவர் சொன்னாரே, கடித்தால் கழட்டி விடுவான் என்று? இங்கே அந்தக் காலுக்குப் பதிலாகத் தைக்கிறவன் வலியை யோசிக்க வேண்டும்.

மேரி வர்கீஸைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நொண்டும். கேரளத்துப் பெண், சி.எம்.சி.யில் இளம் டாக்டர். 1954 ஜனவரியில் சக டாக்டர்களுடன் உல்லாசப் பயணம் போனபோது கார் கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே செயல் போய்விட்டது. இனி எதற்கு டாக்டர் படிப்பு என்று கிடந்தவரிடம் பிராண்ட் ஒரு கணக்குச் சொன்னார்: கை ஆபரேஷனை உட்கார்ந்துதான் செய்கிறோம், உனக்குக் கை நன்றாகத்தானே இருக்கிறது? மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளை ஆபரேஷன் செய்தார். நடக்க முடியாதவர், மற்றவர்கள் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து அதற்கென்றே துறை நடத்தினார். பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. உதவி பெறுகிறவர் வேறு, உதவி செய்கிறவர் வேறு என்கிற கோட்டை அழித்தவர் அவர்.

சும்மாவா செய்தார்கள்?

இந்த இடத்தில் ஆபீஸ் கேன்டீனில் ஒரு குரல் எழும். "எல்லாம் மதம் மாத்தத்தான் பிரதர்!"

நியாயமான சந்தேகம், மழுப்ப வேண்டியதில்லை. அவர்கள் மிஷனரிகள். ஜெபம் இருந்தது, பிரசங்கம் இருந்தது, தங்கள் நம்பிக்கையை யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் மருந்துக்கு அது விலையாக இல்லை. ஐடாவின் கதவைத் தட்டிய மூவரும் கிறிஸ்தவர்கள் இல்லை. அந்த மூன்று மரணங்களுக்காகத்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டார். சமாரியனும், அடிபட்டவனிடம் நீ எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. சத்திரத்தில் விலாசம்கூடக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

சொர்க்கத்தில் சீட் பிடிக்கத்தானே, அதுவும் ஒரு சுயநலம்தானே என்று இன்னொரு குரல் வரும். இருக்கலாம். சீட் பிடிக்க இதைவிடச் சுலபமான வழிகள் ஆயிரம் இருக்கின்றன ஸார். எலி கடித்த விரலுக்குப் பக்கத்தில் ராத்திரி உட்கார வேண்டியதில்லை.

இன்றைய நிலவரம்

1982-லிருந்து கூட்டு மருந்து வந்துவிட்டது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் தொழுநோய் குணமாகிறது. அரசு இலவசமாகவே தருகிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் ஒட்டுவதே இல்லை, உடம்பிலேயே எதிர்ப்பு இருக்கிறது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்கிற நிலையை 2005 இறுதியில் எட்டிவிட்டதாக இந்தியா அறிவித்தது. ஆனாலும் உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். தொழுநோய் இருந்தால் விவாகரத்துக் கேட்கலாம் என்கிற ஷரத்தைச் சட்டத்திலிருந்து நீக்கியது எப்போது தெரியுமா? 2019-ல்! மாத்திரை வந்து முப்பத்தேழு வருஷம் கழித்து. கிருமி போய்விடுகிறது, நம் முகச் சுளிப்புதான் போக மாட்டேன் என்கிறது.

அந்தச் செருப்பு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கலாம். சர்க்கரை நோய் முற்றினாலும் பாதத்தில் உணர்ச்சி குறையும். டாக்டர் உங்கள் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தாரே எம்.சி.ஆர். செருப்பு, தொழுநோயாளியின் பாதத்துக்காக மண்டையை உடைத்துக் கொண்டவர்களின் சொத்து அது. ஊர் தொட மறுத்த காலுக்காக யோசித்தது, இன்று ஊர்க் காலையெல்லாம் காப்பாற்றிக் கொண்டிருக்கிறது. அவர்கள் எதிர்பார்க்காத வட்டி.

கடைசியாக, அந்தச் சட்ட நிபுணருக்கு என்ன பதில் கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். 'எனக்குப் பிறன் யார்?' என்று அவர் கேட்டார். கதையைச் சொல்லி முடித்த இயேசு, கேள்வியையே திருப்பிப் போட்டார்: அடிபட்டவனுக்குப் பிறனாக நடந்து கொண்டவன் யார்? எவரெவர் என் லிஸ்டில் வருவார்கள் என்று எண்ணிக் கொண்டிருந்தவரிடம், நீ யார் லிஸ்டில் இருக்கிறாய் என்று கேட்டுவிட்டார். டெஃபனிஷன் கேட்டவருக்கு வேலை கிடைத்தது. போய் அப்படியே செய் என்று.

எல்லோரும் கரிகிரிக்குப் போக முடியாது. ஆனால் ஆபீஸில் பாருங்கள். யாருக்கும் பக்கத்தில் உட்காரப் பிடிக்காத ஒரு ஸீட் இருக்கும். குடிக்கிறார் என்றோ, டிபார்ட்மென்ட் விசாரணை நடக்கிறது என்றோ, வெறுமனே கடுகடுவென்று இருக்கிறார் என்றோ... லஞ்ச் நேரத்தில் அவர் மட்டும் தனியாக டிபன் பாக்ஸைத் திறப்பார். அறிவுரை வேண்டாம், அனுதாபமும் வேண்டாம். உங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு, "இன்னிக்கு என்ன ஸார் குழம்பு?" என்று கேளுங்கள். செலவு ஒன்றும் ஆகாது. மேற்கொண்டு ஆனால், அந்தச் சமாரியன் கணக்கில் எழுதிக் கொள்ளலாம்.